பக்கத்து வீடுகளை நெட்வொர்க்கில் இணைப்பது: வயரா, பைபரா, எல்லாருக்கும் ஒரே கனெக்‌ஷனா?

6 ஏப்ரல் 2024 – வாசகர் கேள்வி

ஆனைமலை பக்கம் தோப்புக்குள்ள எங்க குடும்பத்துக்கு நாலு வீடு. எங்க வீடு, பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு மூணும் ஒரே தோப்பு, ஒண்ணுக்கொண்ணு அறுபது எழுபது மீட்டர். அத்தை வீடு மட்டும் ரோட்டைத் தாண்டி, இருநூறு மீட்டர் வரும். நல்ல கேட்-6 நெட்வொர்க் வயரா (செம்பு வயர்தான்) வாங்கி மரத்துக்கு மரம் கட்டி இழுத்து, எங்க வீட்டு பிராட்பேண்டையே நாலு வீட்டுக்கும் கொடுத்துட்டா மாசாமாசம் மூணு பில் மிச்சம். அத்தை வீட்டுக்கு நடுவுல ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் போட்டாப் போதும். நூறு மீட்டருக்குள்ள இருந்தா கேட்-6 தாராளமா வேலை செய்யும்னு எல்லாரும் சொல்றாங்க. இதுல குறை இருந்தா சொல்லுங்க.

6 ஏப்ரல், இரவு

குறை இரண்டு இருக்கிறது. முதலாவது வயரில். இரண்டாவது ‘எங்க வீட்டு கனெக்‌ஷனையே எல்லாருக்கும்’ என்பதில். இரண்டாவதுதான் பெரியது, ஆனால் முதலாவது வீட்டுச் சாமான்களையே கொண்டுபோய்விடும் என்பதால் அதை முதலில் எழுதுகிறேன்.

நூறு மீட்டர் கணக்கு சரி. சுவருக்குள் தொண்ணூறு, இரு முனையிலும் பேட்ச் வயருக்குப் பத்து என்று பிரித்துச் சொல்வார்கள். அது சிக்னல் போய்ச் சேருமா என்பதற்கான கணக்கு. இடி இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

7 ஏப்ரல்

நேற்று விட்ட இடம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எர்த் குழி. ஒன்றில் ஈரம் இருக்கும், இன்னொன்று வைகாசியில் காய்ந்து கிடக்கும். ஒரு வீட்டுப் பக்கம் மின்னல் இறங்கினால் அந்த வீட்டு மண்ணின் வோல்டேஜ் ஒரு கணம் ஆயிரக்கணக்கில் எகிறும். எழுபது மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டு மண் அந்த அளவுக்கு எகிறாது. இரண்டுக்கும் நடுவே செம்புக் கம்பி இருந்தால் அந்த வித்தியாசம் முழுக்க அந்தக் கம்பி வழியாகத்தான் தீர்த்துக்கொள்ளும். ஈதர்நெட் போர்ட்டுக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, 1500 வோல்ட் வரை தாங்கும்படி செய்தது. மின்னலுக்கு அது எந்த மூலைக்கு?

எங்கள் தோட்டம் உடுமலைக்குத் தெற்கே. பெரியப்பா வீட்டிலிருந்து களத்து ஷெட்டுக்கு கேமராவுக்காகச் செம்பு வயர்தான் போயிருந்தது. ஒரு சித்திரை மாதக் கோடை மழை. இடி களத்துப் பக்கம் விழுந்தது, ஆனால் போனது வீட்டுக்குள் இருந்த ஸ்விட்ச், கேமரா ரெக்கார்டர், ரெக்கார்டரிலிருந்து எச்டிஎம்ஐ வயர் சொருகியிருந்த டிவி. மறுநாள் ஸ்விட்சைத் திறந்து பார்த்தேன். எட்டுப் பின்களில் இரண்டு கருகி, பக்கத்துப் பிளாஸ்டிக் இளகி வழிந்து, அதன் பின்னால் சிப் நடுவில் பிளந்திருந்தது. ஷெட்டில் இருந்த கேமரா மட்டும் உயிரோடு இருந்தது!

மழை இல்லாத நாளிலும் ஒரு ஆபத்து உண்டு. மூணு வீடும் ஒரே கம்பத்திலிருந்து வந்தாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பேஸில் இருக்கலாம். வழியில் நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு வீட்டில் 230 இருக்க வேண்டிய இடத்தில் முந்நூறைத் தாண்டும். அந்த நேரத்தில் வீட்டுக்கு வீடு செம்பு இணைப்பு இருப்பது நல்லதில்லை. அதிலும் ஷீல்டு (உள்ளே சுற்றிய உலோக உறை) உள்ள வயரை இரண்டு முனையிலும் எர்த் செய்துவிட்டால், அந்த ஷீல்டே வீடுகளுக்கு நடுவே இன்னொரு நியூட்ரலாக மாறிவிடும்.

7 ஏப்ரல், மாலை

‘சர்ஜ் புரொடக்டர் போட்டால் போதாதா அண்ணே’ என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். திடீரென எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் சின்னக் கருவி அது. இரண்டு முனையிலும் நல்ல எர்த் இருந்தால் சேதம் குறையும், இல்லாமல் போகாது. செம்பே போகவில்லை என்றால் அந்தக் கவலையே இல்லை.

9 ஏப்ரல்

ஆக பைபர். பெரிய வேலை என்று பயப்பட வேண்டாம். வீட்டுக்கு பிராட்பேண்ட் கொண்டுவரும் அதே கறுப்பு டிராப் கேபிள்தான். மீட்டர் விலை வெளியில் இழுக்கும் தரமான கேட்-6 வயரைவிடக் குறைவு. சிங்கிள் மோட் (ஒளிக்கு ஒரே பாதை உள்ள மெல்லிய இழை), ஜி.657 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். பழைய ஜி.652 ரகத்தை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக்கூடாது. ஜி.657ஏ1 பத்து வரை தாங்கும், ஏ2 ஏழரை வரை. வீட்டு மூலையில் மடித்துக் கிளிப் அடிக்கும்போது இந்த வித்தியாசம் கைகொடுக்கும்.

முனைகளை ஒட்ட உங்கள் ஊர் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். இன்று தாலுகாவுக்குத் தாலுகா அவர்களிடம் இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மிஷின் இருக்கிறது. தோலை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, கிளீவரில் வெட்டி, மிஷினில் வைத்தால் திரையில் இரண்டு இழையும் நேருக்கு நேர் வந்து நிற்கும், ஒரு பொறி, ஒட்டிவிடும். நல்ல ஒட்டில் 0.05 டிபி (டெசிபல், ஒளி இழப்பை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் ஒளி இழப்பு.

ஒரே ஒரு இடத்தில் அவர் பக்கத்தில் நில்லுங்கள். அவர் பையில் இருப்பதெல்லாம் பச்சைத் தலை கனெக்டர். வீட்டு பிராட்பேண்டுக்கு அதுதான் சரி, அதன் முகம் எட்டு டிகிரி சாய்வாகத் தேய்த்திருக்கும். பைபரின் இரு முனையிலும் ஒளியை ஈதர்நெட் சிக்னலாக மாற்றித் தரும் சின்னப் பெட்டிதான் மீடியா கன்வர்ட்டர். அதில் இருப்பது நீலத் தலை, முகம் நேராக இருக்கும். பச்சையை நீலத்தில் சொருகினால் உள்ளே போய்விடும், லைட்டும் சில நேரம் எரியும். ஆனால் முகங்கள் சரியாகப் பொருந்தாது, ஒளி பாதி வழியில் சிதறும், கனெக்டர் முகமே கீறிப்போகலாம். ‘நீலம் போடுங்கண்ணா’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒளி ஓடும் பைபரின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூடியைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

10 ஏப்ரல்

மீடியா கன்வர்ட்டர் ஜோடியாகத்தான் வரும். ஒற்றை இழையில் போக ஒரு அலைநீளம், வர ஒரு அலைநீளம். ஏ என்று எழுதியது 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் வாங்கும், பி அதற்குத் தலைகீழ். இரண்டு ஏ வாங்கினால் ஒன்றும் நடக்காது. கடையில் பெட்டியைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

‘20 கிலோமீட்டர்’ என்று அதன்மேல் இருப்பதைப் பார்த்து, எழுபது மீட்டரில் வைத்தால் ஒளி அதிகமாகி மறுமுனை வீணாகுமோ என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வீணாகாது. அந்த ரகம் அனுப்புவதே மைனஸ் 9இலிருந்து மைனஸ் 3 டிபிஎம்முக்குள்தான் (டிபிஎம் என்பது ஒளியின் சக்தியை அளக்கும் அலகு), மறுமுனையும் மைனஸ் 3 வரை தாங்கும். 80 கிலோமீட்டர் ரகத்தைக் கிட்டத்தில் வைத்தால்தான் பிரச்சினை.

14 ஏப்ரல்

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

பைபர் என்றால் மின்சாரம் கடத்தாது என்ற எண்ணத்தில்தான் மேலே எழுதியிருக்கிறேன். திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார்: ‘டிராப் கேபிளோட ஓரத்துல ஒரு ஸ்டீல் கம்பி ஓடுதே, அது கடத்தாதா?’ கடத்தும். கேபிள் தொய்யாமல் தாங்குவதற்கு வைத்த கம்பி அது. பைபர் பத்திரமாக இருக்க, அந்தக் கம்பி இடியை வீட்டு வாசல்வரை அழைத்து வரும்.

ஆகவே திருத்தம். கிடைத்தால் ஸ்டீல் இல்லாத எப்ஆர்பி ரகத்தை வாங்குங்கள், உள்ளே கண்ணாடி நார்க் குச்சி இருக்கும். ஸ்டீல் கம்பி ரகம்தான் கிடைத்தது என்றால், சுவருக்கு வெளியே கொக்கியில் கட்டும் இடத்தோடு கம்பியைப் பிரித்து வெட்டிவிட்டு, இழை மட்டும் உள்ளே வரட்டும். இழைக்கு இருபுறமும் உள்ளே மெல்லிய குச்சிகள் இரண்டு இருக்கும், சில ரகத்தில் அதுவும் ஸ்டீல். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

16 ஏப்ரல்

மேலேயா, மண்ணுக்குள்ளா?

தென்னந்தோப்பில் மேலே இழுக்காதீர்கள். மட்டை விழும். காய்ந்த மட்டை ஒன்று நாற்பது அடியிலிருந்து விழும் வேகத்தில் கேபிள் அறுந்துபோகும், அறாவிட்டாலும் கொக்கி பிடுங்கிக்கொண்டு வரும். மரத்தில் கட்டினால் காற்றில் மரம் ஆடஆட ஒவ்வொரு கட்டிலும் இழை நசுங்கும். அதையும் தாண்டி அணில். தோல் உரிந்து வெள்ளையாக இழை தெரியும் கேபிளை எங்கள் தோட்டத்தில் கழற்றி வைத்திருக்கிறேன். அரை இஞ்சுக்கு ஒரு பல் தடம்.

சொட்டுநீருக்கு மெயின் லைன் போடும்போதே பக்கத்தில் ஒரு கறுப்பு எச்டிபிஇ பைப்பையும் சேர்த்துப் புதைத்துவிடுங்கள், இரண்டடி ஆழம் போதும். உள்ளே கேபிளை விடும்போதே ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து விடுங்கள். பின்னால் இன்னொரு கேபிள் இழுக்க வேண்டுமானால் அந்தக் கயிறுதான் கதி. இரண்டு முனையையும் எலி, எறும்பு புகாதபடி அடைத்துவிட வேண்டும். ஜேசிபி வரும் நாளில் பைப் எங்கே போகிறது என்று டிரைவருக்குக் காட்ட அங்கங்கே ஒரு கல் நட்டுவைத்தால் நல்லது.

மின்வாரியக் கம்பத்தில் கட்டுவது பற்றி யாரோ கேட்டார்கள். கட்டாதீர்கள். உயிர் போகிற விஷயம்.

21 ஏப்ரல்

இனி அந்த இரண்டாவது குறை. இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

நாலு வீட்டையும் ஒரே ஸ்விட்சில் சொருகினால் நாலும் ஒரே வீடாகிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பது வேறு. சித்தப்பா பையன் புதிதாக ஒரு ரவுட்டர் வாங்கி வந்து எந்தப் போர்ட்டில் என்று பார்க்காமல் சொருகுவான். அதுவும் டிஎச்சிபி கொடுக்க, அதாவது இணையும் போன், கம்ப்யூட்டருக்கெல்லாம் தானாக நெட்வொர்க் முகவரி கொடுக்க, ஆரம்பிக்கும். பெரியப்பா போனுக்கு முகவரி அந்த ரவுட்டரிலிருந்து போகும், அவருக்கு நெட் வராது, அவர் தன் வீட்டு ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவார். கோளாறு எழுபது மீட்டர் தள்ளி இன்னொரு வீட்டு அலமாரியில். அல்லது யாராவது வயரின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் சொருகிவிட்டால் நாலு வீடும் ஒன்றாக நிற்கும். உங்கள் வீட்டில் கரண்ட் போனால் மற்ற மூன்று வீட்டுக்கும் நெட் போகும். நீங்கள் ஊருக்குப் போன நாளில்தான் இது நடக்கும், பூட்டிய வீட்டுச் சாவி யாரிடம் என்று தேடுவார்கள்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தபோது சித்தி ஒன்று கேட்டார். ‘ஏனுங்க தம்பி, நாங்க போன்ல என்ன பாக்கறோம்னு உங்க வீட்டுப் பொட்டியில தெரியுங்களா?’ தெரியும். எந்த வீட்டுப் போன் எந்தத் தளத்துக்குப் போகிறது என்பது ரவுட்டரைப் பார்த்துக்கொள்பவருக்குத் தெரியக்கூடிய விஷயம்தான். மழுப்பாமல் அதைத்தான் சொன்னேன். ‘அப்ப எங்களுக்குத் தனியாவே இருக்கட்டுங்க’ என்றார். அவர் கேட்டது நியாயம். ஒரு பெண் தன் வீட்டில் உட்கார்ந்து டாக்டரைத் தேடுவதும், வேலை தேடுவதும், அம்மா வீட்டோடு பேசுவதும் மச்சாண்டார் வீட்டு அலமாரி வழியாகப் போக வேண்டியதில்லை.

அதனால் எங்கள் ஏற்பாடு இப்படி: ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த கனெக்‌ஷன், சொந்த ரவுட்டர், சொந்த முகவரி வரிசை. வீடுகளுக்கு நடுவே ஓடும் பைபர் பகிர வேண்டிய சாமானுக்கு மட்டும். அது அறுந்தாலும் எந்த வீட்டிலும் எதுவும் நிற்காது.

22 ஏப்ரல்

எண்களைக் கேட்டவர்களுக்கு.

பிராட்பேண்ட் கம்பெனி கொடுக்கும் ரவுட்டர் பெட்டிகள் பலவும் 192.168.1 வரிசையில், அதாவது அப்படி ஆரம்பிக்கும் முகவரிகளோடு, வரும். நாலு வீட்டிலும் அதே இருந்தால் ஒரு வீட்டுக்கு இன்னொரு வீட்டைத் தேடவே தெரியாது, தன் வீட்டுக்குள்ளேயே தேடும். ஆகவே உங்கள் வீட்டுக்கு 10.20.1, பெரியப்பாவுக்கு 10.20.2, சித்தப்பாவுக்கு 10.20.3, அத்தைக்கு 10.20.4. நடுவில் ஓடும் பைபருக்கு மட்டும் 10.20.0. ஒவ்வொரு வீட்டு ரவுட்டரிலும் ஒரு போர்ட்டை வீட்டு வரிசையிலிருந்து பிரித்து அந்த 10.20.0க்குக் கொடுத்து, ‘10.20.2க்குப் போகிறவன் 10.20.0.2 வழியாகப் போ’ என்று ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதி வைக்கும் நிலையான வழி) எழுத வேண்டும். நடுப்பாதையில் டிஎச்சிபி கூடாது.

கம்பெனிப் பெட்டிகள் பலவற்றில் இதற்கு வழி இருக்காது. அதன் பின்னால் மைக்ரோடிக் கம்பெனி ரவுட்டரோ, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஓடும் சின்ன ரவுட்டரோ ஒன்றை வையுங்கள். இரட்டை நாட் (வீட்டு முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது இரண்டு முறை நடப்பது) ஆகிறதே என்று கவலைப்பட வேண்டாம், அது வெளியே போகும் பாதையில்தான். வீட்டுக்கு வீடு போவது நாட் இல்லாமல் நேராகப் போகும்.

ரவுட்டரில் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் ஃபயர்வாலில் முதலில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, தேவையானதை மட்டும் திறங்கள். எங்களுக்குத் தேவைப்பட்டவை: போட்டோ வைத்திருக்கும் பெட்டி, களத்துக் கேமரா, பிரிண்டர். அவ்வளவுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் விண்டோஸ் கம்ப்யூட்டர் பக்கத்து வீட்டிலிருந்து பதில் சொல்லவில்லையா? விண்டோஸ் ஃபயர்வால் பைல் ஷேரிங்கை வழக்கமாகத் தன் வரிசைக்கு மட்டும்தான் திறந்து வைக்கும். அங்கே 10.20 வரிசைகளையும் சேருங்கள். கேபிளைக் குறை சொல்லாதீர்கள்.

25 ஏப்ரல்

‘அப்போ பில் மிச்சம் ஆகாதே’ என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். ஆகாதுதான். வீட்டு பிளான்களின் விதிமுறையைப் படித்துப் பாருங்கள், அந்த வளாகத்துக்கு வெளியே பகிரக்கூடாது என்று பொதுவாக இருக்கும். அதோடு, அந்த கனெக்‌ஷனில் யார் என்ன செய்தாலும் முதலில் விசாரிப்பது யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். வீட்டுக்கு வரும் பையனின் நண்பன் செய்ததற்கும் உங்கள் அப்பா பதில் சொல்ல வேண்டும்.

மிச்சம் வேறு வழியில் இருக்கிறது. எல்லாரும் பெரிய பிளான் வைத்திருக்க வேண்டியதில்லை. நாலு வீட்டுக் கல்யாண வீடியோ, போட்டோ எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால் அதை நெட் வழியாக ஏற்றி இறக்க வேண்டாம். கிகாபிட் பைபரில் நொடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேலேயே போகும். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குச் சின்ன பிளான் போதும்.

3 மே

அத்தை வீடு. நடுவில் ரோடு. பஞ்சாயத்து ரோடானாலும் நெடுஞ்சாலைத்துறை ரோடானாலும் தோண்டவோ மேலே இழுக்கவோ அனுமதி வாங்கியாக வேண்டும். கேபிள்காரர் ‘நான் பாத்துக்கறேனுங்க’ என்று சொன்னாலும் காகிதம் கேளுங்கள்.

அதனால் இங்கே மட்டும் வயர்லெஸ். இரண்டு மொட்டை மாடியிலும் ஒன்றை ஒன்று பார்க்கும் 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ் அல்லது பேனல் ஆன்டெனா. 2018 அக்டோபர் அறிவிப்புக்குப் பிறகு இந்தியாவில் 5150–5350, 5470–5875 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்கு, விதித்த சக்தி அளவுக்குள் இருந்தால், லைசென்ஸ் தேவையில்லை. பெட்டியின் அமைப்பில் நாடு இந்தியா என்றே இருக்கட்டும்.

கண்ணுக்கு எதிர்வீடு தெரிந்தால் போதாது. இருநூறு மீட்டரில் நடுவழியில் அந்த நேர்கோட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமாக எல்லாப் பக்கமும் காலி வேண்டும். தென்னை ஓலை ஒன்று அதற்குள் ஆடினாலும் வேகம் ஏறி இறங்கும். வெயிலில் டெஸ்ட் செய்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், மழையில் நனைந்த ஓலை காய்ந்த ஓலையைவிட மிக அதிகமாகச் சிக்னலைக் குடிக்கும். ஆனைமலைப் பக்கம் ஜூனில் தென்மேற்குச் சாரல் பிடித்துவிடும். அதற்குள் ஒரு நல்ல மழையில் பார்த்துவிடுங்கள்.

மாடியில் இருக்கும் அந்தப் பெட்டிக்குப் போவது செம்பு வயர்தான். அங்கேதான் சர்ஜ் புரொடக்டருக்கு வேலை. ஏப்ரல் 7 குறிப்பில் அதை ஒதுக்கிவிட்டது போல எழுதியது தோப்புக்குள் பைபர் போகும் வீடுகளுக்கு மட்டும்.

11 மே

‘பெரியப்பா வீட்டு டிவியில என் போன்ல இருந்து காஸ்ட் பண்ண முடியல.’ முடியாது. காஸ்ட் செய்ய, அதாவது போனில் ஓடுவதை டிவியில் காட்ட, போன் முதலில் டிவியைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கண்டுபிடிப்பு வேலையெல்லாம் 224.0.0.251 என்ற முகவரிக்குக் கூப்பிட்டுப் பார்ப்பதால் நடக்கிறது, அந்தக் கூப்பாடு ஒரு வரிசையைத் தாண்டாது. தாண்ட வைக்க அவாஹி ரிப்ளெக்டர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பிரிண்டருக்கு அது வேண்டாம், முகவரியைக் கையால் கொடுத்தால் போதும்.

நானே அதை வைத்துப் பார்த்தேன். வேலை செய்தது. பிறகு எடுத்துவிட்டேன். இங்கிருக்கும் பிள்ளை தெரியாமல் தட்டியதில் அங்கே ஆத்தா பார்த்துக்கொண்டிருந்த சீரியல் போய்ப் பாட்டு வந்தது. தாத்தா ஆத்தா டிவியை அவர்கள் பாட்டுக்கு விடுவதுதான் மரியாதை.

19 மே

கரண்ட். மீடியா கன்வர்ட்டர்கள் பெரும்பாலும் 5 வோல்ட், ரவுட்டர் 12 வோல்ட். இரண்டையும் தரும் மினி யூபிஎஸ் கிடைக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று வேண்டும். ஒரு முனையில் மட்டும் இருந்தால் பயன் இல்லை.

2 ஜூன்

கேள்வி கேட்டவரின் அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறாராம், அங்கேயும் இணைக்க முடியுமா என்கிறார். முடியும், பைபர் இல்லாமல். வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள் (இன்டர்நெட் வழியாகவே இரண்டு வீட்டுக்கும் நடுவே பூட்டிய தனிப்பாதை போடுவது) இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. 2020இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.6க்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அக்கா வீட்டுக்கு 10.20.5 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் ஒன்று. வெளி முகவரி 100.64இலிருந்து 100.127க்குள் ஆரம்பித்தால் அது கம்பெனிக்குள் பலர் பகிரும் முகவரி, வெளியிலிருந்து உங்களை எட்ட முடியாது. இரண்டு வீட்டிலும் ஐபிவி6 (புதிய முகவரி முறை) இருந்தால் அதன் வழியாக நேராகப் போகலாம். இல்லையென்றால் நடுவில் பொது முகவரி உள்ள சின்ன சர்வர் ஒன்று தேவை.

இணைந்துவிட்டது, பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்ற சின்னச் சோதனை) போகிறது, ஆனால் போட்டோப் பக்கம் பாதியில் தொங்குகிறது என்றால் எம்டியூவை, அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தகவல் பொட்டலத்தின் அதிகபட்ச அளவை, பாருங்கள். வயர்கார்ட் வழக்கமாக 1420 வைக்கும். பிபிபிஓஇ (பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) கனெக்‌ஷனில் வெளிப்பாதையே 1492தான், அதில் வயர்கார்டுக்கு 80 போக 1412. அதை வைத்தால் சரியாகும்.

15 ஜூன்

தோப்புக்குள் மூன்று வீட்டுக்கும் பைபர் போய்விட்டதாக எழுதியிருக்கிறார். மிகவும் சந்தோஷம். பெரியப்பா வீட்டு முனையில் ஒளியை அளக்கும் பவர் மீட்டர் மைனஸ் 19 டிபிஎம் காட்டுகிறதாம், லைட் எரிகிறது, விட்டுவிடலாமா என்கிறார்.

விடாதீர்கள். எழுபது மீட்டர் இழையில் ஒளி இழப்பு என்று ஒன்று இல்லவே இல்லை எனலாம், கிலோமீட்டருக்கே 0.35 டிபிதான். இரண்டு கனெக்டர், இரண்டு ஒட்டு சேர்த்தாலும் ஒன்றரை டிபிக்குள் முடிந்துவிட வேண்டும். மீட்டரை எந்த அலைநீளத்தில் வைத்திருந்தீர்கள் என்று முதலில் பாருங்கள். பெரியப்பா பக்கம் வாங்குவது 1550 என்றால் மீட்டரிலும் 1550. அது சரியென்றால் கனெக்டர் நிறத்தைப் பாருங்கள். பிறகு சுவர் ஓட்டையில் எங்காவது இறுக்கி மடித்திருக்கிறதா என்று.

16 ஜூன்

ஒரு முனையில் பச்சைத் தலையாம். கேபிள்காரர் கையில் அதுதான் இருந்ததாம். மாற்றியபின் மைனஸ் 7 என்கிறார். நல்லது. கன்வர்ட்டர் பக்கத்துச் சாக்கெட்டையும் ஒரு முறை துடைத்துவிடுங்கள், அதற்கென்று பேனா மாதிரி கிளீனர் வருகிறது.

அத்தை வீட்டு மாடியில் கம்பம் நடும்போது அத்தையைக் கேட்டு இடம் பாருங்கள், அங்கேதான் அவர் வடகம் காயப்போடுவாராக இருக்கும். களத்துக் கேமரா எந்தெந்த வீட்டில் தெரியலாம் என்பதையும் நாலு வீட்டுப் பெண்களையும் உட்காரவைத்துக் கேட்டுவிட்டுப் பிறகு ஃபயர்வாலில் திறங்கள். எங்கள் தோட்டத்தில் வாசல் பக்கம் பார்க்கும் கேமராவை அந்த வீட்டோடு நிறுத்திவிட்டோம், களமும் மோட்டார் ரூமும் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.